சேற்றெரிமலைப் பாய்மம்: சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி நிலவியல் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்தமான் இயலில் பாரன் தீவும் பாரடாங்கும் அடுத்தடுத்து வருகின்றன. பாரன் தீவு 1991 முதல் அவ்வப்போது கற்குழம்பு கக்கும் எரிமலை. பாரடாங்கில் தரையைத் துளைத்து வருவதோ சாம்பல்நிறச் சேறும், உப்பு நீரும், மீத்தேனும். பின்னதைச் 'சேற்றெரிமலை' என்றால் மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவார்களோ என்று தயங்குகிறேன். நீரும் வளிமமும் கலந்து வருவதற்குப் 'பாய்மம்' போதுமா? களிமண் கனிமங்கள் தம் அடுக்குகளுக்குள் பூட்டி வைத்திருந்து ஆழத்தில் வெளிவிடும் நீருக்குத் தனிச்சொல் உண்டா?

— மொழிபெயர்ப்பாளர்

அம்மா,

எரியாத ஒன்றை எரிமலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது தகாது. சேற்றுக்குத் தமிழில் சொற்பஞ்சமா? அள்ளல், அளறு, தொளி, அசும்பு என்று எத்தனை இருக்கின்றன! 'அண்ணாத்தல் செய்யாது அளறு' என்பது குறள் (255). சேற்றைக் குறிக்கும் சொல்லே அங்கே நரகத்தைக் குறிக்கிறது. விழுங்கியதை வாய் திறந்து உமிழாத அளறு அது. பாரடாங்கில் இருப்பது உமிழும் அளறு.

எனினும் என் தேர்வு அசும்பு. 'வார் அசும்பு ஒழுகு முன்றில்' என்று பாரியின் முற்றத்தைக் கபிலர் பாடுகிறார் (புறம் 114). கள் பிழிந்து எறிந்த கோதிலிருந்து வடிந்து ஓடும் சேறு அது. கசிவும் சேறும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. 'கசிவு' என்பதன் முதல் ககரம் கெட்டே அசும்பு பிறந்தது என்பது என் நெடுநாள் ஊகம் மட்டுமே. ஆகவே மலைக்கு 'அசும்புமலை', அதன் பாய்மத்துக்கு 'அசும்புநீர்'.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை

> எரியாத ஒன்றை எரிமலை என்று

ஐயா, எரிவதும் உண்டு. அஜர்பைஜானின் லோக்பத்தானில் 2001-இல் வெடிப்பு நிகழ்ந்தபோது மீத்தேன் தீப்பற்றிப் பெருந்தழலாக எழுந்தது.

எனக்கு மலையின் பெயரைவிட நீரின் பெயரே முக்கியம். 'அசும்புநீர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், மாணவர் கற்க வேண்டியது மறைந்துபோகும். அந்த நீர் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. மழைநீர் இறங்கிக் கலந்திருக்கலாம். வண்டல் படிந்த காலத்தில் துகள்களுக்கிடையே சிக்கிய பழைய கடல்நீர் இருக்கலாம். மூன்றாவதுதான் அம்மா கேட்ட நீர். ஏறத்தாழ 60 முதல் 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஸ்மெக்டைட் என்னும் களிமண் கனிமம், இல்லைட் என்னும் வேறொரு களிமண் கனிமமாக மாறுகிறது. அப்போது அடுக்கிடை நீர் வெளியேறுகிறது. அதில் குளோரைடு கிடையாது. அது கலப்பதால்தான் பல சேற்றெரிமலைகளின் நீர் கடல்நீரைவிட உப்புக் குறைந்து வருகிறது. கூடவே நீரில் ஆக்சிஜன்-18 (கனத்த ஆக்சிஜன்) ஏறும், டியூட்டிரியம் (கனத்த ஹைட்ரஜன்) இறங்கும். பொட்டாசியத்தை இல்லைட் எடுத்துக்கொள்ளும். போரானும் லித்தியமும் நீரில் மிகும். மழைநீர் கலந்தாலும் உப்புக் குறையும் என்பது உண்மையே. ஆனால் அப்போது ஆக்சிஜன்-18 ஏறாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தே ஊற்றுமூலத்தைச் சொல்கிறோம்.

மீத்தேனும் அப்படியே. அதிலுள்ள கார்பன்-13 (கனத்த கார்பன்) ஒரு பொதுத்தரத்தைவிட எவ்வளவு குறைவு என்று ஆயிரத்துக்குக் கணக்கிடுவோம். அது −60-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் நுண்ணுயிர் வேலை. −50 முதல் −30 வரை என்றால் ஆழத்தில் கரிமப்பொருள் வெந்து உண்டானது.

மூன்றாவது நீருக்குக் 'களிவிடுநீர்' என்கிறேன். குறிப்பில் 'உப்பு நீர்' என்று மட்டும் இருந்தால் தயவுசெய்து விரித்து எழுதுங்கள்.

— புவி வேதியியல் விரிவுரையாளர்

களிவிடுநீர் நல்ல வினைத்தொகை. விட்ட, விடுகின்ற, விடும் என முக்காலமும் அடங்குகிறது. ஆனால் 'களி' என்றதும் உண்ணும் களியும் களிப்பும்தான் மனத்தில் வரும். 'களிமண் விடுநீர்' என்று விரித்துவிடுங்கள். எங்கள் பாடநூல்களில் வேதியியல் 'இரசாயனவியல்' என்றே இருக்கிறது. குறிப்பு இங்கேயும் வருமானால் அடைப்புக்குள் அதையும் தாருங்கள்.

— யாழ்ப்பாணத்து ஆசிரியை

கிழக்கு ஜாவாவில் சேறு பீறிடும் 'லூசி'யை யாரும் சொல்லவில்லையே! லும்பூர், சிடோஆர்ஜோ என்ற இரு சொற்களின் தலைப்பகுதிகள் சேர்ந்த பெயர் அது. லும்பூர் என்றால் மலாயிலும் சேறுதான். கோலாலம்பூரில் இருப்பதும் அந்தச் சேறே. தமிழ் எழுத்தைப் பார்த்து அங்கே 'ஊர்' தேட வேண்டாம். அவர்கள் கண்ணால் கண்ட சேற்றையும் இடத்தையும் வைத்துப் பெயரிட்டார்கள். நாம் ஏன் புறநானூறு வரை போக வேண்டும்?

— கிள்ளான் வாசகர்

லூசியை நினைவூட்டியதற்கு நன்றி. என் வாதம் அங்கேதான் உறுதிப்படுகிறது. 2006 மே 29 அன்று அது பீறிட்டது. இரண்டு நாள் முன்பு யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம். ஊற்றின் அருகிலேயே எரிவாயு தேடும் துளைக்கிணறு. காரணம் எது என்ற வழக்கு அறிவியலாளரிடையே இன்னும் ஓயவில்லை. நீரோ கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் வருகிறது. களிமண் விடுநீர் அங்கும் உண்டு. அதோடு ஹீலியம்-3, ஹீலியம்-4 விகிதம் புவியோட்டு அளவைவிட மிக உயர்ந்து, ஓட்டுக்குக் கீழேயுள்ள கவசத்திலிருந்து வரும் வளிமத்தைக் காட்டுகிறது. அருகில் அர்ஜுனோ-வெலிராங் என்னும் மெய்யான எரிமலை இருக்கிறது. 'நெருப்போடு தொடர்பில்லை' என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் லூசியை எங்கே வைப்பது? பெயர், கண்ணுக்குத் தெரியும் உருவத்தைச் சொல்லட்டும். தோற்றுவாயை ஆய்வு சொல்லட்டும். சேற்றெரிமலை போதும்.

— புவி வேதியியல் விரிவுரையாளர்

லூசி ஒன்றுக்காகப் பாரடாங்கையும் எரிமலை ஆக்குவதா? விதிவிலக்கை வைத்துப் பெயரிடுவது முறையன்று. 'அசும்பு' மாணவனுக்குப் புரியாது என்பீர்கள். 'பாய்மம்' வந்த நாளில் யாருக்குப் புரிந்தது? சொல்லிச் சொல்லித்தானே பழகியது!

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை

அனைவருக்கும் நன்றி. 'சேற்றெரிமலை', 'பாய்மம்', 'களிமண் விடுநீர்' மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். பாரன் தீவுப் பக்கத்தில் 'கற்குழம்பு எரிமலை' என்று அடைமொழி சேர்த்துவிட்டேன். நீர் பற்றிய பத்தியை விரித்தாயிற்று. துகளிடைச் சிக்கிய கடல்நீருக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. 'உடன்புதை நீர்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். மறுப்பிருந்தால் நாளை மாலைக்குள் எழுதுங்கள்.

— மொழிபெயர்ப்பாளர்

உடன்புதை நீர் நன்று. வண்டலோடு உடன் புதைந்த நீர் என்று விரியும். அதில் கை வைக்க வேண்டாம். சேற்றெரிமலைக்கு என் மறுப்பு நிற்கிறது. சொல்லடைவில் 'அசும்புமலை' என்று ஒரு வரியாவது இடம்பெறட்டும். அசும்பின் வேர் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை