1792 நியூயார்க் கவர்னர் எலக்‌ஷன்: ஜெயிச்சதா, அடிச்சதா?

பழையபேப்பர்:
அப்போ கவர்னரா இருந்த ஜார்ஜ் கிளின்டன் 8,440, எதிர்த்து நின்ன ஜான் ஜே 8,332. வித்தியாசம் வெறும் 108 ஓட்டு. ஆனா ஒட்ஸிகோ, டியோகா, கிளின்டன்னு (இது ஊர்ப் பேரு) மூணு கவுன்ட்டி, அதாவது மாவட்டத்து ஓட்டை எண்ணாமலே தள்ளிட்டாங்க, இதை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. ஒட்ஸிகோ ஜேவோட கோட்டை. அந்தப் பெட்டியைத் திறந்திருந்தா கதையே வேற. பச்சைத் திருட்டு இது.

ரூல்புக்ராஜா:
கொஞ்சம் இருங்க பாஸ். அப்போ கவர்னர் ஓட்டை ஊர்லயே எண்ண மாட்டாங்க, கவுன்ட்டி அதிகாரியான ஷெரிஃப் வாங்கி ஸ்டேட் செக்ரட்டரி ஆபீஸ்ல சேர்க்கணும், அதான் சட்டம். ஒட்ஸிகோல பழைய ஷெரிஃப்புக்கு பதவிக்காலம் முடிஞ்சாச்சு, புது ஆள் இன்னும் பதவி ஏற்கல, பழையவரே பெட்டியை அனுப்பறாரு. டியோகா பெட்டியைக் கொண்டுவந்த ஆளுக்கு வழியில உடம்பு முடியாம போய் வேற ஒருத்தர் கைக்கு மாறிடுச்சு. நடுவுல ஏதாவது ஆயிருந்தா யாரு ஜவாப்?

பழையபேப்பர்:
ஏதாவது ஆச்சா? அதைச் சொல்லுங்க முதல்ல. ஷெரிஃப் பதவி காலாவதியானா ஓட்டு போட்டவன் என்னய்யா பண்ணுவான்? எண்ணுற கமிட்டி 12 பேர்ல மெஜாரிட்டி கிளின்டன் ஆளுங்க. ரெண்டு செனட்டர்கிட்ட சட்டக் கருத்து கேட்டாங்க, ரூஃபஸ் கிங் எண்ணுங்கன்னார், ஆரன் பர் ஒட்ஸிகோ பெட்டியை எண்ணக் கூடாதுன்னார், யார் பேச்சு எடுபட்டுச்சுன்னு சொல்லவே வேணாம். அப்பீலும் கிடையாது.

திண்ணைவாசி:
ரெண்டு பேரும் ஒட்ஸிகோ ஜட்ஜ் வில்லியம் கூப்பரை மறந்துட்டீங்களே (நாவல் எழுதின ஃபெனிமோர் கூப்பரோட அப்பா). அந்தப் பக்கம் நிலம் வாங்கினவங்க பாதிப் பேர் அவருக்குக் கடன்காரங்க. ஜேவுக்கு ஓட்டு போடலைன்னா பாத்துக்கறேன்னு மிரட்டினார்னு அசெம்பிளி வரைக்கும் புகார் போச்சு, தள்ளுபடி ஆயிடுச்சு, அது வேற. 100 பவுண்டு சொத்து இருந்தாத்தான் கவர்னருக்கே ஓட்டு, இதுல மக்கள் தீர்ப்புன்னு ரொம்ப உருகாதீங்க.

ரூல்புக்ராஜா:
அப்படிப் போடுங்க!! கூப்பர் பண்ணா தொண்டு, கிளின்டன் ஆளுங்க பண்ணா திருட்டு.

பழையபேப்பர்:
கூப்பர் யோக்கியன்னு நான் எங்க சொன்னேன்? மிரட்டல் நடந்துச்சுன்னா மிரட்டலுக்காக ரத்து பண்ணட்டும். ஷெரிஃப் பேப்பரைக் காரணம் காட்டினதுதான் எனக்கு உறுத்துது. கிளின்டன் 1777லேர்ந்து அதே கவர்னர் நாற்காலியில உக்காந்திருந்த மனுஷன் வேற.

திண்ணைவாசி:
ஜே அதுக்காக ரகளை பண்ணலையே, ஆதரவாளர்களை அடக்கி வச்சார். 1795ல கிளின்டன் நிக்கல, ஜே இங்கிலாந்து போயிருந்தப்பவே அவரை நிறுத்தி ஜெயிக்க வச்சிட்டாங்க. அப்புறம் 1800ல பிரசிடென்ட் எலக்‌ஷன் கைவிட்டுப் போகுதுன்னதும் ஜேவோட கட்சித் தலைவர் ஹாமில்டன், பிரசிடென்டைத் தேர்ந்தெடுக்கிற எலக்டர்களை நியூயார்க் எப்படித் தேர்ந்தெடுக்கணும்ங்கிற ரூலையே மாத்தலாம்னு ஜேவுக்கு லெட்டர் போட்டார். ஜே கண்டுக்கவே இல்ல.

ரூல்புக்ராஜா:
சரி, ஜே விஷயத்துல தலைவணங்கறேன். டியோகா பெட்டி மட்டும் நான் விடமாட்டேன்.