புதுப்பிப்பு: தங்கச்சிக்குப் பரீட்சையில் மேலதிக நேரம் கிடைத்தது

கொழும்பில் கம்பஸ் முதலாம் வருடம் படிக்கும் என் தங்கச்சிக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் சிரமம். பதில் தெரிந்தும் பரீட்சையில் நேரம் போதவில்லை, யாரிடம் கேட்பது என்று முன்பு எழுதியிருந்தேன். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி. மேலதிக நேரமும் தனி அறையும் தந்துவிட்டார்கள்.

பள்ளிக்கூட காலத்துக் கடிதம் எடுபடவில்லை. உளவியலாளரின் புது அறிக்கை கேட்டார்கள். அதில் டிஸ்லெக்சியா என்று மட்டும் இருந்தால் போதாது. வாசிக்கிற, எழுதுகிற வேகம் எப்படி, அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்று விவரமாக இருக்க வேண்டும். தமிழில் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒருவரைத் தேடித்தான் அலைந்துபோனோம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய அநியாயம்.

"இப்படிச் சலுகை குடுத்தா மற்றப் பிள்ளைகள் என்ன நினைப்பினம்?" என்று ஒரு விரிவுரையாளர் கேட்டார். இது சலுகை இல்லை, உரிமை. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை, உயர்கல்வியிலும் நியாயமான ஏற்பாடுகள் செய்துகொடுக்கச் சொல்கிறது. அதை விண்ணப்பக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

விரிவுரைக் குறிப்பு விஷயம் இன்னும் இழுபடுகிறது. மங்கலான ஸ்கேன் படங்களைப் எழுத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டும் போன் செயலி சரியாக வாசிக்காது, டைப் செய்த கோப்பே வேண்டும். அதற்காக அடுத்த வாரம் பீடாதிபதியைச் சந்திக்கிறோம்.