பழைய பொயிலரில் கேத்தில் கொதிக்கிற சத்தம், ஹீற்றிங் போட்டால் மட்டும்

பனிக்கூதல்:
வணக்கம். லண்டன் ஹரோவில் வீடு. 14 வருசம் பழைய கொம்பி பொயிலர் (ஹீற்றிங்குக்கும் குழாய்ச் சுடுதண்ணிக்கும் அது ஒன்றேதான்), 9 றேடியேற்றர். ஹீற்றிங் போட்டுப் பத்து நிமிசத்தில் கேத்தில் கொதிக்க முதல் வருமே ஒரு இரைச்சல், அப்படித் தொடங்கி இடையிடையே டொக் டொக் என்று இடிக்குது. சுடுதண்ணியைத் திறந்தால் ஒரு சத்தமும் இல்லை. கிழமைக்கு ஒருக்கால் பிரஷர் 0.5 பாருக்கு இறங்கும், நிரப்பி 1.3இல் விடுவேன். ஹோலில் இருக்கிற றேடியேற்றர் மேலே சுடும், கீழே நடுப்பகுதி குளிர். ஒருவர் பவர் பிளஷ் (இயந்திரத்தால் வேகமாகத் தண்ணி அடித்து முழுச் சிஸ்டத்தையும் கழுவுவது) என்கிறார், இன்னொருவர் பொயிலரையே மாத்தச் சொல்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

குறடு:
சுடுதண்ணிக்குச் சத்தம் இல்லை என்றீர்களே, பாதி விடை அதில் இருக்கு. பேர்னர், ஃபான், பம்ப் மூன்றும் இரண்டு வேலைக்கும் ஓடுபவை. பெயாரிங் தேய்ந்திருந்தால் அநேகமாக இரண்டிலும் கத்தும். சுடுதண்ணி நேரம் பொயிலர்த் தண்ணி உள்ளுக்குள்ளேயே சின்ன வட்டம் சுற்றுது. ஹீற்றிங் நேரம்தான் வீடு முழுக்கப் போய்த் திரும்புது. அந்தப் பெரிய வட்டத்தில் எங்கோ அடைப்பு. போதிய தண்ணி ஓடாததால் ஹீற் எக்ஸ்சேஞ்சருக்குள் (நெருப்பின் சூடு தண்ணிக்கு ஏறுகிற பகுதி) அங்கங்கே கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகி உடையுது. அதுதான் அந்த இடி.

உறுதி செய்ய, பொயிலரில் இருக்கிற றேடியேற்றர் வெப்பக் குமிழை (சுவர்த் தேர்மோஸ்ராற்றை அல்ல) 75இலிருந்து 55 பாகைக்கு இறக்குங்கள். கால் மணித்தியாலத்தில் சத்தம் அடங்கினால் கொதிப்புத்தான். அடங்காவிட்டால் பம்பைப் பார்க்க வேணும்.

அதோடு எல்லா றேடியேற்றர் வால்வையும் 5க்குத் திறந்து விட்டுப் பாருங்கள். பாதி வால்வுகள் மூடி, பைபாஸ் வால்வும் (றேடியேற்றர்கள் மூடினால் தண்ணிக்கு மாற்றுவழி விடுவது) இறுகிக் கிடந்தால், ஒரு துளி அழுக்கு இல்லாமலே இதே சத்தம் வரும். பிறகு ஒரு றேடியேற்றரிலிருந்து ஜாம் போத்தலில் கொஞ்சத் தண்ணி பிடியுங்கள். கறுப்பாக இருந்து, போத்தலுக்கு வெளியே காந்தம் வைத்தால் பொடி ஒட்டிக்கொண்டு வருதென்றால் அது இரும்புக் கறல். மேலே குளிர்ந்தால் காற்று. கீழே நடுவில் குளிர்ந்தால் இந்தச் சேறு.

வடலி:
குறடு அண்ணை சொன்னது சரி. ஆனால் எனக்கு உறுத்துவது அந்தக் கிழமைக்கொரு நிரப்பல். மூடிய சிஸ்டத்தில் பழைய தண்ணி தன்னிடமிருந்த ஒட்சிசனை முடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். ஒவ்வொரு தரம் நிரப்பும்போதும் புது ஒட்சிசன் போய்க் கறல் பிடிக்குது, லண்டன் தண்ணியில் தாராளமாக இருக்கிற சுண்ணாம்பும் சேர்ந்து போகுது. ஒழுக்கை விட்டுவிட்டுப் பவர் பிளஷுக்குக் காசு கட்டினால் கொஞ்சக் காலத்தில் திரும்பவும் இதே சத்தம்தான்.

சுவருக்கு வெளியே கீழ்நோக்கி வளைந்த செப்புக் குழாய் ஒன்று இருக்கும். அதன் வாயில் ஒரு பிளாஸ்ரிக் பையைத் தளர்வாகக் கட்டி இரண்டு நாள் விடுங்கள். பையில் தண்ணி சேர்ந்தால் பாதுகாப்பு வால்வு ஒழுகுது. அது 3 பாரில் திறக்கும். சூடேறும்போது பிரஷர்முள் 3க்குக் கிட்டப் போகுதா என்றும் பாருங்கள்; 2 வரை ஏறினால் வழமை. 3ஐத் தொட்டால் விரிவுக் கலத்தில் (சூடேறி விரிகிற தண்ணிக்கு இடம் விடுகிற, காற்று நிரப்பிய கலம்) அநேகமாகக் காற்றுப் போய்விட்டது. பை காய்ந்திருந்தால் றேடியேற்றர் வால்வடி, பலகைத் தரைக்குக் கீழ் என்று தேட வேணும். பொயிலரை ஒரு மணித்தியாலம் நிறுத்திய பிறகும் கண்டென்சேற் குழாய் (புகையிலிருந்து படிகிற தண்ணி வெளியே போகிற குழாய்) சொட்டினால் எக்ஸ்சேஞ்சரிலேயே வெடிப்பு விழுந்திருக்கலாம். மாத்துகிற கதை அப்போதுதான்.

தணல்:
இதே தலைப்பைத் தேடி வருகிறவர்களுக்காக வேறு சத்தங்களும். தரைப்பலகைக்குக் கீழே டிக் டிக் என்பது செப்புக் குழாய் நீளுவது: 60 பாகை ஏறினால் ஒரு மீற்றருக்கு 1 மில்லிமீற்றர் நீளும், மரச்சட்டத்தில் உரசும். ஆபத்தில்லை. உறைபனி நாளில் களகள என்று வந்து பொயிலர் நின்றால் வெளியே கண்டென்சேற் குழாய் உறைந்திருக்கும்; வெதுவெதுப்பான தண்ணி ஊற்றுங்கள், கொதிதண்ணி வேண்டாம். றேடியேற்றர் வால்வு மூட வரும்போது மட்டும் படபட என்று அடித்தால் அதைத் தலைமாறிப் பூட்டியிருக்கலாம்.

பற்றும்போது ‘டும்’ என்று வெடித்தால் இந்தச் சோதனை ஒன்றும் வேண்டாம். காஸ் தேங்கிப் பிந்திப் பற்றுது. உடனே நிறுத்தி காஸ் சேஃப் (பிரித்தானியக் காஸ் வேலைக்காரர் பதிவேடு) பதிவுள்ளவரைக் கூப்பிடுங்கள். அடையாள அட்டையின் பின்பக்கத்தில் அவருக்கு எந்த வேலைக்கு அனுமதி என்று இருக்கும். பொயிலரின் முன்மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம், பல பொயிலர்களில் அதுவே புகை வெளியே வராமல் அடைக்கிற மூடி.

பனிக்கூதல்:
நன்றி எல்லாருக்கும். 55இல் இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. முள் 2.9 வரை ஏறுது, பையில் ஒரு கோப்பைத் தண்ணி. ஜாம் போத்தல் கறுப்புத் தேத்தண்ணி மாதிரி.

வடலி:
அப்ப முதல் வேலை விரிவுக் கலம்; அது முன்மூடிக்குள் இருந்தால் காஸ் சேஃப் ஆளிடம் விடுங்கள். பொயிலரை நிறுத்தி ஆறவிட்டு, தண்ணிப் பிரஷரை 0க்கு இறக்கின பிறகுதான் காற்றை அளக்க வேணும், இல்லாவிட்டால் கேஜ் பொய் சொல்லும். பொதுவாக 0.75 முதல் 1 பார், கார் ரயர் கேஜில் 11 முதல் 14.5 psi. காற்று வால்விலிருந்து தண்ணி வந்தால் உள்ளே றப்பர் கிழிந்திருக்கு, கலத்தை மாத்த வேணும். பாதுகாப்பு வால்வையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்கள். ஒருக்கால் திறந்த வால்வு, மூடுகிற வாயில் அழுக்குச் சிக்கிப் பிறகு பலவேளை சரியாக மூடாது.

குறடு:
அது முடிந்து பிரஷர் இரண்டு கிழமை இறங்காமல் நின்றால் கழுவலாம். ஹோல் றேடியேற்றரை இரண்டு பக்கமும் மூடி, தண்ணியை வாளியில் இறக்கி, தோட்டத்தில் வைத்து ஹோஸால் அடியுங்கள். லொக்‌ஷீல்ட் வால்வை (மற்றப் பக்கத்தில் குமிழ் இல்லாத வால்வு) மூட எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள், திரும்ப அதே அளவு திறக்க வேணும். அந்தக் கறுப்புத் தண்ணி கார்ப்பெற்றில் பட்டால் போகாது.

மற்றவற்றுக்கு சென்ரினல் எக்ஸ் 400 போன்ற சேறு கரைப்பான், லேபிளில் சொன்ன காலம் ஓடவிட்டு, தெளிந்த தண்ணி வரும்வரை கழுவி, பிறகு எக்ஸ் 100 என்ற கறல் தடுப்பான், நூறு லீற்றருக்கு ஒரு லீற்றர். உங்கள் 9 றேடியேற்றருக்கு அது காணும். எக்ஸ்சேஞ்சர் அலுமினியமா என்று கையேட்டில் பார்க்காமல் அமிலக் கரைப்பான் எதையும் ஊற்ற வேண்டாம். திரும்புகிற குழாயில் ஒரு காந்த ஃபில்ரரும் பூட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் 65 பாகையில் இரைந்தால் பவர் பிளஷைப் பற்றிக் கதைப்போம். அதுவரை குமிழ் 55இலேயே இருக்கட்டும்.