லேசான குளிரில் கேட்டலிடிக் விறகு அடுப்பு: காற்றைக் குறைத்தால் கேட் படுத்துவிடுகிறது, உதவுங்கள்

கேள்வி:

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது கேட்டலிடிக் விறகு அடுப்பு, அதாவது புகையையும் எரிக்கும் வினையூக்கித் துண்டு (சுருக்கமாகக் கேட்) உள்ளே இருக்கும் அடுப்பு. கடுங்குளிரில் ஒரு தொல்லையும் கிடையாது. பைபாஸை (புகையைக் கேட் வழியே விடாமல் நேரே புகைபோக்கிக்கு விடும் தட்டை) மூடினால் கேட்டின் வெப்பமானி முள் மேலே ஏறி அங்கேயே நிற்கும், விடிய விடிய எரியும். இப்போது வெளியே பகலில் 14, 15 டிகிரி, இரவில் 6, 7. வழக்கம்போல விறகை நிரப்பி, கேட் சூடேறியதும் காற்றைக் குறைத்தால் கொஞ்ச நேரத்தில் முள் இறங்கிவிடுகிறது. கண்ணாடி கறுக்கிறது, புகைபோக்கியில் கனத்த புகை, கதவைத் திறந்தால் புகை அறைக்குள் வருகிறது. காற்றைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், ஆனால் வீட்டுக்குள் உட்கார முடியாத சூடு. கேட்டின் ஆயுள் முடிந்துவிட்டதா? புதிது வாங்கிப் போடலாமா?

பதில் 1:

அவசரப்பட்டு வாங்காதீர்கள். சில விவரங்கள் வேண்டும்: புகைபோக்கி எவ்வளவு உயரம், எத்தனை வளைவு, விறகில் ஈரம் எவ்வளவு?

கேள்வி கேட்டவர்:

உயரம் நாலரை மீட்டர் இருக்கும், அதில் 90 டிகிரி வளைவு ஒன்று. விறகு போன வருடம் பிளந்து அடுக்கியது. வெளிப்பக்கம் மீட்டரை வைத்தால் 15 சதவீதம் காட்டுகிறது.

பதில் 2:

நண்பரே, கடுங்குளிரில் நன்றாக ஓடிய கேட் குளிர் குறைந்ததும் மட்டும் படுக்கிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது கேட்டை அல்ல, இழுவையை. உள்ளே இருக்கும் சூடான புகைக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம்தான் புகையை மேலே இழுக்கிறது. புகைக்குழாயில் சராசரியாக 200 டிகிரி, வெளியே மைனஸ் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வெளியே 15 ஆகிறது, குழாயின் வெப்பம் அதேதான் என்றால் இழுவை சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், சமாளிக்கலாம். ஆனால் வீடு சூடாகிறதே என்று நீங்கள் காற்றையும் குறைக்கிறீர்கள், குழாய் 100 டிகிரிக்கு இறங்குகிறது, அப்போது இழுவை முதலில் இருந்ததில் பாதிகூட இல்லை. உங்கள் புகைபோக்கியோ உயரம் குறைவு, நடுவில் வளைவும் இருக்கிறது.

அப்புறம் கேட் எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். புகை தானாக எரிய ஏறக்குறைய 550, 600 டிகிரி வேண்டும். தேன்கூடு மாதிரி இருக்கும் அந்தத் துண்டின் மேல் பூசிய பல்லேடியமும் பிளாட்டினமும் அதை 260 பக்கம் கொண்டுவந்துவிடுகின்றன. ஆனால் அதற்குக் கீழே போனால் கேட் இருந்தும் பயனில்லை. காற்று போதாமல் விறகு வெறுமனே கனன்றால் புகை வரும், அதை எரிக்க ஆக்ஸிஜன் இருக்காது, கேட் குளிரும். எரியாத புகை குளிர்ந்த குழாயில் தாராகப் படியும். சிம்னித் தீ பிடிப்பதே இந்தத் தாரால்தான்.

அதனால் காற்றை ஒரே மூச்சில் குறைக்காதீர்கள். விறகு நிரப்பி, மேல்பக்கம் நன்றாகக் கருகி, முள் வேலை செய்யும் பகுதிக்கு வந்தபின் பைபாஸை மூடுங்கள். மூடிய பிறகும் இருபது முப்பது நிமிடம் காற்று தாராளமாக இருக்கட்டும். பிறகு கொஞ்சம் குறைத்து, முள் நிற்கிறதா என்று பார்த்து, மறுபடி கொஞ்சம். இந்த வானிலைக்கு முள் நிற்கக்கூடிய கடைசி அளவு ஒன்று தெரியவரும், அது கடுங்குளிர் அளவைவிட மேலேதான் இருக்கும். அதற்குக் கீழே போகவே கூடாது. சூடு அதிகம் என்றால் தீயின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், காற்றை அல்ல. மாலையில் வெளியே குளிரத் தொடங்கும்போது ஒரு முறை மூட்டுங்கள், அது எரிந்து முடியட்டும், பகல் முழுக்க அடுப்பைச் சும்மா விடுங்கள். கனமில்லாத மரம், பைன் மாதிரி, இருந்தால் இந்த நாட்களுக்கு அதுதான் நல்லது. காய்ந்த விறகு எதுவானாலும் கிலோவுக்குத் தரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான், லேசான மரத்தில் அடுப்பு நிறையப் போட்டாலும் எடை குறைவு என்பதால் மொத்தச் சூடும் குறையும்.

பதில் 3:

நான் இந்த நாட்களில் பைபாஸைத் திறந்தே வைத்து நாலைந்து சிறு துண்டுகளை மட்டும் எரிக்கிறேன். வீடும் அளவாகச் சூடாகிறது. அப்படிச் செய்யக் கூடாதா?

பதில் 2:

மூட்டும்போது சரி, முழு நேரமும் வேண்டாம். பைபாஸ் திறந்திருந்தால் புகை கேட்டைத் தொடாமலே போகும், சூட்டில் பெரும்பகுதி சிம்னி வழியே வெளியேறும், தீ பெரிதாக இருந்தால் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும். சிறு தீயே மூட்டுங்கள், ஆனால் மெல்லிய துண்டுகளாகப் பிளந்து சுடர்விட்டு எரியவிட்டு, முள் ஏறியதும் மூடிவிடுங்கள்.

பதில் 4:

எல்லோரும் கேட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு உங்கள் வீட்டில் இருப்பவர்களைப் பற்றித்தான் கவலை. புகை அறைக்குள் வருகிறது என்றால் கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு வாசனையே கிடையாது. குறிப்பாகத் தீ அடங்கிக் கங்கு மட்டும் இருக்கும்போது, வெளியே வெயில் ஏறி இழுவை தலைகீழாகத் திரும்பலாம், அப்போது கண்ணுக்குப் புகையும் தெரியாது. கங்கு இருக்கும்வரை காற்றை முழுதாக மூடாதீர்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிட்டு மூட்டுங்கள், புகை திரும்பினால் அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாவிட்டால் கேட்டுக்கு முன்னால் அதை வாங்குங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். புகைபோக்கியின் தலைமூடியில் வலை இருந்தால் அதையும் ஒருவரை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கேதான் தார் முதலில் அடைக்கும்.

கேள்வி கேட்டவர்:

அலாரம் இருக்கிறது, பேட்டரியைச் சோதித்துவிட்டேன். வலையில் பாதி அடைத்திருந்தது, சுத்தம் செய்தாகிவிட்டது. ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து உட்பக்கம் அளந்தேன், 24 சதவீதம். காற்றைப் படிப்படியாகக் குறைத்ததில் முள் முன்பைவிட நெடுநேரம் நின்றது, ஆனாலும் கடைசியில் இறங்கியது.

பதில் 1:

24 அதிகம், 20-க்குள் இருக்க வேண்டும். அந்த நீரை ஆவியாக்கவே தீயின் சூடு போய்விடும். குளிரில் பலமான இழுவை அதை மறைத்திருக்கும். உட்பக்கம் காய்ந்த கட்டைகளை மட்டும் இப்போது எடுங்கள், மற்றவை இன்னொரு கோடையைப் பார்க்கட்டும். ஈர விறகைச் சிவந்த கேட்டின் கீழே அடைத்து உடனே பைபாஸை மூடுவதும் ஆபத்து, பீங்கான் கேட் திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும்.

கேள்வி கேட்டவர்:

சரி. அப்படியும் சந்தேகம் இருந்தால், கேட் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 2:

காய்ந்த விறகில், அடுப்பு நன்றாகச் சூடாக இருக்கும்போது பைபாஸை மூடி அரை மணி கழித்து வெளியே போய்ப் பாருங்கள். வெள்ளையாக வந்து உடனே காற்றில் மறைந்தால் அது நீராவி. நீண்டு படர்ந்து வாசனை அடித்தால் புகை. காய்ந்த விறகும் போதிய காற்றும் இருந்தும் புகையே வந்தால், அடுப்பு முற்றிலும் ஆறியபின் கேட்டைப் பாருங்கள். துளைகளில் சாம்பல் அடைத்திருந்தால் மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள், கம்பியால் சுரண்டினால் பூச்சு போய்விடும். பைபாஸ் தட்டின் கேஸ்கட்டில் (விளிம்பில் புகை கசியாமல் அடைக்கும் பட்டையில்) ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் வந்துவிட்டால் புகை அந்த வழியாகத் தப்புகிறது, கேட் மேல் குற்றமில்லை. இவ்வளவும் சரியாக இருந்து முள் 260-க்கு மேலே நிற்கவே மறுத்தால் புது கேட் வாங்குங்கள்.