கால்சட்டைப் பையில் செல்பேசி வைத்தால் விந்தணுக்கள் குறையுமா?

கேள்வி:
எனக்கு வயது 33. திருமணமாகி இரண்டு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லாததால் விந்தணுப் பரிசோதனை செய்துகொண்டேன், மில்லிலிட்டருக்கு 1.1 கோடி என்று முடிவு வந்துள்ளது. பகலெல்லாம் செல்பேசி கால்சட்டைப் பையில்தான் இருக்கும். இரவில் மடிக்கணினியை மடியில் வைத்தே வேலை பார்ப்பேன். கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்கப்படும் உள்ளாடையை வாங்கும்படி நண்பர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா?

மறுமொழி 1:
வாங்க வேண்டாம், நண்பரே. 2005 முதல் 2018 வரை இராணுவத் தேர்வுக்கு வந்த 2,886 சுவிட்சர்லாந்து இளைஞர்களை ஆராய்ந்து, ஜெனீவாப் பல்கலைக்கழகத்தினர் 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். செல்பேசியை நாளுக்கு 20 முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களின் விந்தணு எண்ணிக்கையின் இடைநிலை அளவு மில்லிலிட்டருக்கு 4.45 கோடி, வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் தொடாதவர்களுக்கு 5.65 கோடி. குறைவு உண்மைதான். ஆனால் பையில் வைத்திருந்தவர்களுக்கென்று தனியாகக் குறைவு எதுவும் தென்படவில்லை; தொடக்க ஆண்டுகளில் தெளிவாக இருந்த தொடர்பும், குறைந்த ஆற்றலில் இயங்கும் புதிய அலைவரிசைத் தொழில்நுட்பங்கள் வந்தபின் மங்கிவிட்டது. மேலும், அந்த இரண்டு அளவுகளுமே உலக சுகாதார நிறுவனம் கீழ்வரம்பாகக் கொள்ளும் 1.6 கோடிக்கு வெகு மேலே உள்ளன. உங்கள் அளவு அதற்கும் கீழே இருப்பதால், பழியைச் செல்பேசிமீது போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

மறுமொழி 2:
பரிசோதனைக்கூடத்தில் பணிபுரிகிறேன். வைஃபை இணைப்பிலிருந்த மடிக்கணினியின் அடியில் விந்தணுக்களை 4 மணி நேரம் வைத்தபோது அவற்றின் நகர்வு குறைந்ததாக 2012-இல் அர்ஜென்டினா ஆய்வொன்று கூறியது. ஆனால் அது உடலுக்கு வெளியே நடந்த சோதனை. எனக்கு அதைவிடக் கவலை தருவது வெப்பம். விரைகள் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 பாகை செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். மடிக்கணினியை மடியில் வைத்து ஒரு மணி நேரம் அமர்ந்தாலே விரைப்பையின் வெப்பம் இரண்டரைப் பாகைக்கு மேல் ஏறுவதாக 2005-இல் நியூயார்க்கில் அளந்திருக்கிறார்கள். ஆகவே அதை இன்றே மேசைக்கு மாற்றுங்கள். மாதிரி எடுக்கும்போது முதலில் வரும் பகுதி சிந்திவிட்டதா என்பதையும் நினைத்துப் பாருங்கள், விந்தணுக்கள் மிகுதியாக இருப்பது அதில்தான். பலர் கூச்சத்தால் சொல்லாமலே குப்பியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆவதால், மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள்.

மறுமொழி 3:
நானும் செல்பேசியையே குறை சொல்லி ஓராண்டை வீணாக்கினேன். பிறகு ஒரு சிறுநீரக மருத்துவர் என்னை நிற்க வைத்துக் கையால் தொட்டுப் பார்த்த சில நிமிடங்களிலேயே, விரைப்பையின் இடப்பக்கம் இரத்தக்குழாய்கள் புடைத்திருப்பதை, அதாவது விந்தணுக்களைக் குறைக்கக்கூடிய வெரிகோசீல் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தச் சோதனையை எனக்கு அதுவரை யாருமே செய்ததில்லை. உங்களுக்குச் செய்தார்களா?

கேட்டவர்:
இல்லை, ஐயா. காகிதத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை மட்டுமே எழுதிக் கொடுத்தார்கள். வரும் திங்களன்று சிறுநீரக மருத்துவரைப் பார்க்கிறேன்.