கலைச்சொல்: ‘கன்வெக்‌ஷன் பெர்மிட்டிங்’ – மேற்காவுகை இடந்தரு மாதிரியுரு?

வணக்கம்.

பிராந்திய வானிலை எதிர்வுகூறலை 3 கி.மீ. கட்டத்துக்கு (கணிப்புப் பெட்டியின் அகலம்) மாற்றுவது பற்றிய தமிழ்க் கையேட்டு வரைவில் ‘கன்வெக்‌ஷன் பெர்மிட்டிங் மொடல்’ என்பது ‘மேற்காவுகையை அனுமதிக்கும் மாதிரியுரு’ என்று வந்திருக்கிறது. யாரோ முத்திரை குத்தி அனுமதிப்பத்திரம் கொடுத்ததுபோல் இருக்கிறது. மாற்றியே ஆக வேண்டும். (மேற்காவுகை: சூடான ஈரக்காற்று மேலெழுந்து முகிலாவது.)

எல்லைத் தரவாக நாம் எடுக்கும் ஜீ.எஃப்.எஸ். (அமெரிக்காவின் உலகளாவிய வானிலை மாதிரியுரு) 0.25 பாகை, அதாவது ஏறத்தாழ 28 கி.மீ. இலங்கையின் கூடிய அகலமே 225 கி.மீ. அளவுதான், எட்டுப் பெட்டியில் தீவு முடிந்துவிடும். 2524 மீற்றர் பீதுருதாலகாலவும் பெட்டிச் சராசரியில் நன்றாகவே தேய்ந்துவிடும். இடிமுகிலின் மேலெழு காற்றோ சில கி.மீ. அகலம். பெட்டிக்குள் அது அகப்படாது. ஆகவே கீழுள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் மேலே தூக்கும் வேலையை, முகிலுக்குப் பதிலாக ஒரு பரமானமாக்கல் திட்டம் (முகிலின் விளைவைத் தோராயமாகக் கணிக்கும் சூத்திரத் தொகுதி) செய்கிறது. 3 கி.மீ.க்கு இறங்கியதும் அந்தத் திட்டத்தை நிறுத்திவிடுகிறோம். நாம் ஓட்டும் டபிள்யூ.ஆர்.எஃப். மாதிரியுருவின் அமைப்புக் கோப்பான நேம்லிஸ்டில் 27, 9, 3 கி.மீ. என ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பிரதேசம் போட்டால், அந்தத் திட்டத்துக்கான கியூமுலஸ் வரி ‘1, 1, 0’. பூச்சியம் என்றால் நிறுத்தம். அந்தப் பூச்சியத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

முன்மொழிவு: மேற்காவுகை இடந்தரு மாதிரியுரு. திட்டம் விலகி இடம் விடுகிறது. முகில் தானாக எழுகிறது.

———

மறுமொழி

> முகில் தானாக எழுகிறது

அப்படியென்றால் ‘மேற்காவுகை துலக்கு (ரிசோல்விங்) மாதிரியுரு’ என்றே சொல்லலாமே, அண்ணா? பாடசாலைப் பிள்ளைக்கும் விளங்கும். ‘இடந்தரு’ என்பதில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

இன்னொன்று, தமிழ்நாட்டு வாசகர்களுக்கு மேற்காவுகை என்றால் புரியாது. அவர்களுக்கு அது வெப்பச்சலனம். முதல் இடத்தில் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

———

மறுமொழி

வெப்பச்சலனம் சேர்த்தாயிற்று. ‘துலக்கு’ வேண்டாம், தங்கச்சி. அது பொய் வாக்குறுதி.

கட்ட இடைவெளி வேறு, பிரிதிறன் வேறு. டபிள்யூ.ஆர்.எஃப். போன்றவற்றில் ஏறத்தாழ ஏழு கட்டத்துக்குக் குறைந்த அகலமுள்ள எதுவும் மங்கித்தான் வரும். 3 கி.மீ. கட்டத்தில் அது 20 கி.மீ. தனி இடிமுகில் அதைவிடச் சிறியது. முகில் எழும், ஆனால் உண்மையைவிடப் பருத்து எழும். துலக்குவதற்குச் சில நூறு மீற்றர் கட்டம் வேண்டும். கட்ட இடைவெளியை மூன்றிலொன்றாக்கினால் கிடைத்தட்டில் 9 மடங்கு, காலப்படியில் 3 மடங்கு, ஆக 27 மடங்கு கணிப்பு. ‘துலக்கு’ என்று பெயர் வைத்தால், படத்தில் சிவப்பு விழுந்த ஊரில்தான் மழை என்று வாசிப்பார்கள். அவிசாவளையில் சொன்ன மழை பக்கத்து ஊரில் பெய்யும். புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டால் பெய்யாத இடத்தில் ஒரு பிழை, பெய்த இடத்தில் இன்னொரு பிழை. இந்த ‘இரட்டைத் தண்டனை’யால் புதிய மாதிரியுரு பழையதைவிட மோசம் என்று தோன்றும். சுற்றயலை எடுத்து மழை பெய்த பங்கை ஒப்பிடுங்கள்.

அந்த 9 கி.மீ. பிரதேசம்தான் தலையிடி. திட்டத்தை வைத்தால் மழை மத்தியானமே தொடங்கி, மெல்லியதாகப் பரந்து பெய்யும். இடைப்பருவத்தில் உள்நாட்டில் இடிமழை பெரும்பாலும் பி.ப. 2 மணிக்குப் பிறகுதான். எடுத்தால் வெப்பம் தேங்கித் தேங்கிப் பிந்தி வெடித்து, ஒரே பெட்டியில் கொட்டித் தீர்க்கும். இந்தக் கட்ட அளவு வீச்சுக்கு ‘இரண்டுங்கெட்டான் வீச்சு’ என்று எழுதியிருக்கிறேன். மாற்றச் சொல்லாதீர்கள்.

———

மறுமொழி

இரண்டுங்கெட்டான் இருக்கட்டும். ‘இடந்தரு’வுக்கும் சம்மதம், ஒரு திருத்தத்தோடு: ‘ஆழ் மேற்காவுகை’ (இடிமுகில் அளவுக்கு உயர எழுவது) என்று வேண்டும். ஜேர்மன் வானிலைச் சேவை 2021இல் கொஸ்மோ மாதிரியுருவை விட்டு ஐகொன்-டி2வுக்கு மாறியது. ஏறத்தாழ 2 கி.மீ. கட்டம். அங்கும் ஆழமற்ற மேற்காவுகைக்குத் திட்டம் ஓடுகிறது. ஆழ் மேற்காவுகைக்கு மட்டுமே நிறுத்தம். ‘ஆழ்’ இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள்.

‘ஸ்பின்-அப்’புக்கு (ஓட்டம் தொடங்கியபின் மாதிரியுரு தன் முகிலை உருவாக்கிக்கொள்ளும் நேரம்) வரைவில் உள்ள ‘சுழலேற்றம்’ சரியில்லை, எதுவும் சுழலவில்லை. ‘முறுக்கேறு நேரம்’ எப்படி? 28 கி.மீ. தரவிலிருந்து தொடங்கும்போது 3 கி.மீ. பிரதேசத்தில் முகிலே இருக்காது. முதல் 6 மணித்தியால மழையைக் கணக்கில் எடுக்கக்கூடாது. கையேட்டில் இதை நேரத்தோடு எழுதுங்கள்: 00 யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) என்பது கொழும்பில் காலை 5.30. தரவு வர நான்கு மணித்தியாலம் அளவில் போகும், பிறகு ஓட்டம். முடிவு கைக்கு வரும்போது முகில் எழத் தொடங்கியிருக்கும். முதல்நாள் 18 யூ.டி.சி., அதாவது இரவு 11.30 தொடக்கத்தை எடுத்தால், விடியும்போது முறுக்கேறியிருக்கும், முடிவும் கையில் இருக்கும்.

மலைநாட்டுச் சரிவில் ஓட்டம் சீ.எஃப்.எல். பிழையோடு (காலப்படி கட்டத்துக்குப் பெரிதாகிப்போவது) நின்றால், வெளிப் பிரதேசத்தின் காலப்படியை 162 செக்கனிலிருந்து 135க்கு இறக்குங்கள். உள்ளே 18 என்பது 15 ஆகும். உட்பிரதேச எல்லையை மேற்குத் தொடர்ச்சி மலைமேல் போடவும் கூடாது, மத்திய மலைநாட்டை வெட்டவும் கூடாது. கடலில் போடுங்கள். பாக்குநீரிணையில் அதற்கு இடம் போதாது. காவிரிப் படுகையையும் உள்ளே சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

———

மறுமொழி

‘ஆழ் மேற்காவுகை இடந்தரு மாதிரியுரு’ – வரைவில் மாற்றிவிட்டேன். அடிக்கடி வரும் இடங்களில் ‘இடந்தரு மாதிரியுரு’ போதும். முறுக்கேறு நேரமும் ஏற்பு. ‘நெஸ்டிங்’ (பிரதேசத்துக்குள் பிரதேசம் வைப்பது) இன்னும் பாக்கி: ‘கூட்டமைப்பு’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அது அரசியல் கட்சி ஆகிவிடும். ‘உட்பொதி பிரதேசம்’ என்பதற்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கு முன் சொல்லுங்கள்.