கோரிமேடு, கன்னங்குறிச்சிப் பகுதிக்கு எத்தகைய உணவகம் தேவை?

கேள்வி: கோரிமேட்டில் குடியிருப்பவர்

அனைவருக்கும் வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு அடிவாரம் நோக்கிச் செல்லும் சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களிடம் ஒரு கருத்துக் கேட்க விரும்புகிறேன். என் தங்கையும் அவள் கணவரும் இந்தச் சாலையில் ஒரு கீழ்த்தளத்தை வாடகைக்குப் பேசி, உணவகம் தொடங்க எண்ணியிருக்கிறார்கள். கல்யாணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் சமைத்துக் கொடுத்துப் பழகியவர்கள் என்பதால் சமையலைப் பற்றிய அச்சம் அவர்களுக்கு இல்லை. எதைச் சமைத்தால் இங்குள்ளவர்களுக்குப் பயன்படும் என்பதில்தான் குழப்பம்.

யோசனை சொன்ன உறவினர்கள் அனைவரும் பிரியாணி, கிரில் சிக்கன், ஷவர்மா என்ற மூன்றையே சொல்கிறார்கள். இந்த மூன்றுக்கும் இங்கே பஞ்சமில்லை என்பதைச் சாலையில் ஒருமுறை நடந்து பார்ப்பவர் எவரும் அறிவார். சனி, ஞாயிறுகளில் மலையேறும் வண்டிகளை நம்பித் திறந்த கடைகள் பல, வாரநாளில் வெறிச்சோடிக் கிடப்பதையும் பார்க்கிறேன். ஆகவே, வழிப்போக்கர்களை விட்டுவிட்டு, இங்கேயே வாழும் உங்களுக்கு எந்த உணவகம் இல்லாதது குறையாக இருக்கிறது என்பதைக் காரணத்தோடு எழுதினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர், கன்னங்குறிச்சி

அம்மா, தயக்கமின்றிச் சொல்கிறேன்: மதியச் சாப்பாடு. அதுவும் வாரநாளில், உட்கார்ந்து உண்ணவும் கேரியரில் எடுத்துச் செல்லவும் ஏற்ற சாப்பாடு.

எங்கள் தெருவில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் வயதானவர்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம். பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் வேலையில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்குச் சாம்பார், ரசம், பொரியல், கூட்டு என்று நாள்தோறும் நான்கு வகை செய்வது எழுபதைக் கடந்த ஒரு பெண்மணிக்கு எவ்வளவு பாரம் என்பதை நான் வீட்டிலேயே பார்க்கிறேன். நானும் காய் நறுக்கிக் கொடுக்கிறேன், அடுப்படியில் நிற்கிறேன். ஆனாலும் அவருக்கு ஓய்வு என்று ஒரு நாள் வாய்ப்பதில்லை. மெஸ் சாப்பாட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் சேலம் என்றாலும், நல்ல மெஸ்கள் பெரும்பாலும் பழைய ஊருக்குள் இருக்கின்றன. வெயிலில் பேருந்து ஏறிப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பும் வயது எங்களுக்கு இல்லை. அலைபேசிச் செயலி வழியாக வரவழைத்தால், பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்த குழம்பு எண்ணெய் மிதந்து வருகிறது. உப்பும் காரமும் இரத்தக் கொதிப்புள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

எனக்கு வேண்டியது ஆடம்பரமன்று. ரசம் அன்றன்றைக்கு வைத்ததாக இருக்க வேண்டும், அடுப்பில் நாள் முழுவதும் கொதித்துக் கறுத்ததாக இருக்கக் கூடாது. வாரத்தில் இரண்டு நாளாவது கீரைக் கடைசலும் கொள்ளு ரசமும் வேண்டும். கேழ்வரகுக் களி ஒரு நாள் போட்டால் இந்தப் பக்கத்து மனிதர்கள் தேடி வருவார்கள், ஏனெனில் களி கிண்டுவதற்கு இப்போது பல வீடுகளில் கைவலு இல்லை. கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டி, துடுப்பால் அழுத்திக் கட்டியில்லாமல் கிண்டி எடுப்பது இளைஞர்களுக்கே மூச்சு வாங்கும் வேலை. முன்பணம் கட்டி மாதக் கணக்கில் எடுப்புச் சாப்பாடு வாங்க எங்கள் தெருவிலேயே பல குடும்பங்கள் அணியமாக இருக்கின்றன.

மறுமொழி: கல்லூரி மாணவி

அக்கா, கோரிமேட்டில் உள்ள அரசு மகளிர் கலைக் கல்லூரியில் படிக்கிறேன். எங்களில் பலர் வாழப்பாடி, ஓமலூர்ப் பக்கங்களிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வருகிறோம்; வீட்டில் சமையல் முடிவதற்குள் புறப்பட்டு விடுவதால் காலையில் சாப்பிடாமலேயே வகுப்பில் உட்காருவோர் நிறைய. எட்டு மணிக்குள் சூடான இட்லியோ பொங்கலோ குறைந்த விலையில் கிடைத்து, பெண்கள் தயக்கமின்றி உட்காரும்படி வெளிச்சமான இடமும் சுத்தமான கைகழுவுமிடமும் இருந்தால் போதும். கஃபே என்ற பெயரில் உள்ள கடைகளில் ஒரு காப்பியின் விலைக்கு எங்கள் ஒரு நாள் செலவே போய்விடும்.

மறுமொழி: ஏற்காட்டிலிருந்து

அடிவாரத்தில் உணவகம் என்றால் மலைக்கும் அதில் ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடத் தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் அது. இன்றும் சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடியும், அம்மரங்களிலேயே ஏறிய மிளகுக் கொடியுமாகத்தான் தோட்டங்கள் இருக்கின்றன. இப்படி இருந்தும், மலையிலிருந்து இறங்கியவுடன் குடிக்கும் காப்பியில் எங்கள் கொட்டையின் மணத்தைக் காண்பது அரிது. சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த விளிம்பிலேயே நிற்கும் மலிவான தூளை வாங்காமல், தோட்டக்காரர்களிடம் நேரடியாகக் கொட்டை வாங்கி, அவ்வப்போது வறுத்து அரைத்து டிகாஷன் இறக்கினால், அந்த ஒன்றுக்காகவே உள்ளூர்க்காரர்கள் தினமும் வருவார்கள்.

இரண்டாவது சாமை. மலையாளி என்று அழைக்கப்படும் இம்மலைப் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றை விளைவித்து உண்டு வாழ்ந்தவர்கள். 2023ஐச் சிறுதானிய ஆண்டாக உலகமே கொண்டாடியபோது நகரத்துக் கடைகளில் சாமை பளபளப்பான பொட்டலங்களில் அடுக்கப்பட்டது, ஆனால் சமைத்த சாமைச் சோற்றை ஓர் இலையில் இட்டுப் பரிமாறும் கடை இந்த வழியில் எனக்குத் தெரிந்து இல்லை. ஒன்றை மட்டும் உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள்: சாமை விரைவில் வெந்துவிடும், ஆறினால் கட்டிபிடித்துவிடும். அண்டா நிறைய வடித்து வைப்பதற்கு அது அரிசியன்று. சிறிது சிறிதாக, வருபவர்களுக்கு ஏற்ப வேகவைத்துச் சூடாகப் பரிமாறினால்தான் அதன் அருமை தெரியும்.

மறுமொழி: முன்பு மெஸ் நடத்தியவர், அம்மாபேட்டை

மேலே எழுதிய மூவர் கேட்பதும் நியாயமே. ஆனால் மூன்றையும் முதல் நாளே தொடங்கினால் கல்லாவில் உட்காருபவர் ஓர் ஆண்டுக்குள் களைத்துப் போவார் என்பதால், தொழில் செய்தவன் என்ற முறையில் கணக்கைச் சொல்கிறேன்.

மதியச் சாப்பாடு விற்கும் நேரம் பன்னிரண்டரை முதல் மூன்று வரைதான், வாடகையோ நாள் முழுவதற்கும் ஓடுகிறது. எனவே சாப்பாட்டை மட்டும் நம்பி இந்தச் சாலையின் வாடகையைக் கட்டுவது கடினம். அதே அடுப்பையும் அதே ஆட்களையும் வைத்துக் காலை டிபனும் போட்டால்தான் கட்டுபடியாகும். ஆகவே மாணவி கேட்பதும் ஆசிரியர் ஐயா கேட்பதும் ஒன்றுக்கொன்று துணை. மாலைக்குத் தனியாக ஒரு சரக்கு மாஸ்டரை வைத்துப் பரோட்டா, நூடுல்ஸ் என்று இழுத்தால் சம்பளச் செலவு இரட்டிப்பாகும், அந்தப் போட்டியிலும் நீங்கள் புதியவர்கள். மாலையில் வாசலை ஒரு தட்டுவடை செட் வண்டிக்காரருக்கு நாள் வாடகைக்கு விடுங்கள். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவலும் வெங்காயமும் வைத்துக் காரச் சட்னியும் புதினாச் சட்னியும் தடவித் தருவது சேலத்துக்காரர்களின் மாலைப் பழக்கம். ஆனால் அதை நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டியிருக்கிறது. உங்கள் மேசை நாற்காலிகள் அந்த நேரத்தில் சும்மா கிடப்பதைக் காட்டிலும் அவர்களுக்குப் பயன்படட்டும்.

வரியையும் இப்போதே யோசியுங்கள். ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆண்டுக்கு 300 நாள் கடை திறந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,700 ரூபாய் விற்பனையிலேயே அந்த எல்லை வந்துவிடும். அதாவது 80 ரூபாய்ச் சாப்பாடு 84 போனாலே போதும். சாதாரண உணவகத்துக்கு வரி 5 விழுக்காடு, ஆனால் நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை அதில் கழிக்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் விலைப்பலகை எழுதியவர்கள் பின்னால் கைப்பணத்தைப் போட்டிருக்கிறார்கள். வீட்டுச் சிலிண்டரை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கடைக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான்.

எண்ணெயைப் பற்றி ஆசிரியர் ஐயா எழுதியது என் மனத்திலும் இருப்பது. பொரித்த எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது அதில் சேரும் பொருள்கள், 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அளக்கும் கருவி இல்லாவிட்டாலும், நுரை தட்டிக் கறுத்துக் கெட்டியான எண்ணெய் கண்ணுக்கே தெரியும். அதைக் குழம்புத் தாளிப்பில் சேர்த்து மிச்சம்பிடிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வயதானவர்களை நம்பி நடத்தும் கடையில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

மறுமொழி: செவிலியர், அழகாபுரம்

இரவுப் பணி முடிந்து வருபவர்களையும் நினைத்துப் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019இல் ஆணையிட்டு, 2022இல் அதை நீட்டித்தது. ஆயினும் நள்ளிரவில் எங்களுக்குக் கிடைப்பது பரோட்டாவும் முட்டையும்தான். உங்கள் கடை காலை ஆறு மணிக்கே திறக்குமானால், சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உறங்க முடியும்.

கேட்டவரின் மறுமொழி

எல்லாருக்கும் நன்றி. தங்கையிடமும் மைத்துனரிடமும் நேற்றிரவு அனைத்தையும் படித்துக் காட்டினேன். காலை ஆறு முதல் பத்து வரை டிபன், பன்னிரண்டரை முதல் மூன்று வரை சாப்பாடு, அத்துடன் கடையைக் கட்டிவிடுவது என்ற அளவில் இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறார்கள். ஏற்காட்டு நண்பர் சொன்ன சாமைச் சோற்றை வியாழக்கிழமைகளில் மட்டும் சிறிய அளவில் போட்டுப் பார்க்கவும், காப்பிக்கு மலைத் தோட்டத்திலிருந்தே கொட்டை வாங்கவும் விரும்புகிறார்கள். தோட்டக்காரர்களிடம் ஐந்து, பத்துக் கிலோவாகக் கிடைக்குமா என்பதை அந்த நண்பர் தெரிவித்தால் நல்லது. அசைவத்தை எங்கள் மைத்துனர் விட மனமில்லாமல் இருக்கிறார், ஆனால் ஒரே அடுப்படியில் இரண்டையும் செய்தால் எடுப்புச் சாப்பாடு வாங்கும் முதியவர்கள் சிலர் தயங்குவார்கள் என்று தங்கை கருதுகிறாள். இது குறித்து ஆசிரியர் ஐயாவின் தெருவில் உள்ளவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். மாதக் கணக்கில் சாப்பாடு வேண்டுவோர், எத்தனை பேருக்கு, வாரத்தில் எந்தெந்த நாள்கள், உப்புக் குறைத்து வேண்டுமா என்பவற்றை இங்கேயே எழுதினால், பாத்திரம் வாங்குவதற்கு முன் அளவைத் தீர்மானித்துக் கொள்வோம்.